கிடக்கத் தெரியாத பிணம்

நான் இதுவரை ஒரேயொரு முறைதான் செத்திருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

சல்லி அம்மன் கோயில் வீதியில், கச்சான் காற்று சுடுமணலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என்னைக் கொன்று கிடத்தினார்கள். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். இப்போது தலை வழுக்கையாகி, ஓட்டோ ஓட்டும்போது கைப்பிடியில் வயிறு முட்டுகிற வயதாகிவிட்டது. ஆனாலும் ஊருக்குள் போனால், 'பிணம் வருது, வழி விடுங்கோ' என்று சொல்லுகிற கிழவர்கள் ஒன்றிரண்டு பேர் மிச்சமிருக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் கடந்துபோகிறேன். செத்தவனுக்கு ரோசம் வரக்கூடாது.

அந்த வருசம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. பெரியம்மா அழவில்லை.

பெரியம்மா அம்மாவின் தமக்கை. அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. வலை பொத்த நைலோன் நூல் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் டவுனுக்குப் போனவர். சைக்கிள் திரும்பி வந்தது. முகம் தெரியாத ஒருவர் அதை உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அண்ணன் வரவில்லை. யார் பிடித்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லுவதில்லை. 'அவங்கள்' என்பார்கள். அந்த அவங்கள் யார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். வந்திருப்பவர் யாரென்று பார்த்துத்தான், அவங்கள் என்று சொல்லும்போது கண்ணை எந்தத் திசைக்குக் காட்டுவது என்று அப்பா முடிவுசெய்வார்.

முதலில் பெரியம்மா ஏறாத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் இல்லை என்றார்கள். அதன்பிறகு அவர் வீட்டோடு இருந்து அண்ணனின் சேட்டுகளைத் தோய்க்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாவற்றையும் அலுமாரியிலிருந்து எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கும்மி, கொடியில் காயவிட்டு, மடித்து அடுக்குவார். ஒருவரும் போடாத சேட்டுகள் தோய்த்துத் தோய்த்தே நிறம் மங்கின. வாசலில் அண்ணன் வெளியே போடுகிற புதுச் செருப்பு. அன்றைக்கு அவசரத்தில் பழசைக் கொழுவிக்கொண்டு போய்விட்டார். அந்தப் புதுச் செருப்பை ஒருவரும் நகர்த்தக்கூடாது. கூட்டும்போது பெரியம்மா அதைச் சுற்றித்தான் கூட்டுவார்.

ஊர்ப் பெண்கள் வந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது காட்டினார்கள். ஒப்பாரியில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த ஒருவரைச் சாம்பல்தீவிலிருந்து கூட்டியும் வந்தார்கள். பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டார். வந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"செத்தவனுக்குத்தான் அழுறது. என்ர பிள்ளை டவுனுக்கெல்லோ போனவன்" என்றார்.

எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. நான் அழுதால் பூவரசங் கம்பு முறிப்பார்கள். அழாமல் இருக்கிற மனிசியை அழு அழு என்று கெஞ்சுகிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். அழாமல் இருந்தால் உப்பெல்லாம் உள்ளுக்கே இறுகி ஆள் கருவாடாகிவிடும் என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. பெரியம்மா அந்த நேரம் கருவாட்டைப் போலத்தான் வற்றிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா பேசமாட்டார். அவரும் அப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். கடலில் கதைத்தால் மீன் ஓடும் என்று பழகிய மனிசன் கரையில் ஏறியும் அப்படியே இருந்தார். அவர் வாயைத் திறந்து முழுசாக ஒரு வசனம் சொல்லி நான் கேட்டது, கூத்துக்காரர் வந்த அன்றைக்குத்தான்.

கூத்துக்காரர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானுக்கும் அப்பால் இருந்து வந்தவர்கள். ஊர் ஊராகப் போய்க் கோயில் பொங்கலுக்கு ஆடுவார்கள். மூதூர் லோஞ்சுப் படகில் பெட்டிகளோடு வந்து இறங்கும்போது சென்றியில் காவல் நின்றவர்கள் பெட்டிகளைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். மரவாள்களை ஆயுதம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். இளவரசனின் சரிகைச் சட்டை யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் பிடிக்கும்போல் இருந்ததால் அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. கூத்துக்காரர் என்றால் ஆடிக்காட்டு என்றார்களாம். ராசா இறங்குதுறையில் வெயிலுக்குள் நின்று தன் வரவுப் பாட்டைப் பாடி ஆடி, நான் ராசாதான் என்று நிரூபித்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊருக்கு வரும்போதே ராசா ஓர் ஆட்டம் முடித்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் வந்தார்.

விடிய விடிய ஆடுகிற கூத்து அது. அந்தக் காலத்தில் பொழுது பட்டால் ஊரடங்கு. அதனால் கூத்தைப் பின்னேரத்துக்குள் சுருக்கியிருந்தார்கள். பந்தத்து வெளிச்சத்தில் தேவலோகம் போல மின்ன வேண்டிய முடியெல்லாம், பட்டப்பகலில் தகரமும் கலர்த்தாளுமாக இருந்தன. வாளுக்குத் தென்னை மட்டை வெட்டிக்கொடுத்தோம்.

அவர்களுடைய தலைவரை எல்லோரும் அண்ணாவியார் என்றார்கள். கூத்துப் பழக்குகிறவருக்கு அதுதான் பெயர். பெரியப்பா அவரைத் தேடிப்போனார். வேட்டியின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"பிள்ளை சாகிற கூத்து ஏதும் உங்களிட்ட இருக்கோ?"

அண்ணாவியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "எல்லாக் கூத்திலயும் ஒரு பிள்ளை சாகுது ஐயா. எந்த வயசில வேணும்?"

பெரியப்பா வயசைச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு தாய் அழாமல் இருக்கிறாள், அவள் அழவேண்டும் என்று சொன்னார். அண்ணாவியாருக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. போன ஊரிலும் அதற்கு முந்தின ஊரிலும் இப்படி யாராவது வந்து கேட்டிருப்பார்கள்போல. மந்திரி நஞ்சு வைத்து ராசாவின் மகனைக் கொல்லுகிற கூத்து ஒன்று இருக்கிறதென்றும், செத்த பிள்ளையைச் சபைக்கு நடுவில் கிடத்திவைத்து ராணி அழுவாள் என்றும் சொன்னார். கல்லும் கரையுமாம். கிடக்கிறதுக்கு மட்டும் ஊரில் ஒரு பிள்ளை தரவேண்டும். அவர்களிடம் முந்தி ஒரு பெடியன் இருந்தான். இப்போது மீசை அரும்பிவிட்டது. அரும்பு மீசையைச் சென்றி தாண்டிக் கூட்டிக்கொண்டு திரிய ஏலாது.

ஊரில் ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. சின்னப் பெடியன்கள் இருந்த வீடுகளிலெல்லாம் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். கடைசியில் அப்பா என்னைக் கொடுத்தார்.

குசினிக்குள் அம்மா அப்பாவைப் பிடித்துக் கிழித்தது வெளியே கேட்டது. பெற்ற பிள்ளையை ஆரும் பிணமாகக் கிடத்துவார்களா என்று கேட்டார். ஒரு பின்னேரத்துக்குத்தானே என்றார் அப்பா. அம்மா பிடிவாதம் விடவில்லை. பிறகு அப்பா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். 'அக்கா' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அம்மாவின் சத்தம் நின்றது. சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. என்னுடைய மரணத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம். கூத்தில் நடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வசனம் எத்தனை என்று கேட்டவர்களுக்கு, ராசகுமாரர்கள் அதிகம் கதைக்கமாட்டார்கள் என்றேன்.

என்னைச் சாகப் பழக்கியது ராணி. ராணி என்றால் மட்டக்களப்புப் பக்கத்து மனிசன் ஒருவர். கையெல்லாம் கரடிமயிர். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு சுருட்டுக் குடிப்பார். எங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு 'மனே' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். வயிற்றால் மூச்சு விடாதே, நெஞ்சுக்குழிக்குள்ளே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடு என்று சொல்லித்தந்தார். ஈ இருந்தால் இருக்க விடு, செத்தவனுக்கு ஈ சொந்தம் என்றார். கால் விறைத்தால் என்ன செய்கிறது என்று கேட்டேன். ராணி சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், "விறைக்கட்டும் மனே. சாவு காலில இருந்துதானே மேல ஏறும்" என்றார். பக்கத்தில் சல்லாரித் தாளத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், போன ஊரில் ஒரு பெடியன் திறமாகக் கிடந்தான், கூத்து முடிந்தும் எழும்பவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களுடைய சிரிப்பு அடங்கிவிட்டது. என்னுடையது வயிற்றுக்குள் போய், அங்கேயே கிடந்து புளித்தது.

சரிகைச் சட்டை பறிபோனதால் எனக்கு உடுப்பு இல்லை. பெரியம்மா கோயிலில் மகன் திரும்பிவர நேர்ந்த பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்த நேரம், பெரியப்பா கொடியிலிருந்து அண்ணனின் நீலக்கட்டம் போட்ட சேட்டை உருவிக்கொண்டு வந்தார். அது எனக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. கையை மடித்துவிட்டார். மடித்துவிட்டு, கொலரைச் சரிசெய்தார். சரியாக இருந்த கொலரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். நான் நெளிந்தேன். அந்தச் சேட்டில் வெயிலும் சவர்க்காரமும் மணத்தன. ஆள் மணக்கவில்லை.

கூத்துத் தொடங்கியது. ராசா வந்தார், மந்திரி வந்தார், ஆடினார்கள், வேர்த்தார்கள். முகத்துப் பூச்சு கழுத்தில் வழிந்தது. மந்திரி எனக்குப் பால் என்று சொல்லி வெறுங்கிண்ணத்தைத் தந்தார். நான் குடித்தேன். அதுவரைக்கும் என்னிடம் ஒரு குறையும் இல்லை. சாகத் தொடங்கியதும்தான் என் திறமை எனக்கே தெரியவந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறுகினேன். கூத்தாடுகிற வட்டக்களரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். விழுந்து எழும்பித் திரும்ப விழுந்தேன். மத்தளக்காரர் அடிக்கிற அடியை நிறுத்தாமல் என் பக்கம் குனிந்து, "காணும், செத்துத் துலை" என்றார். நான் செத்தேன்.

என்னை ஒரு பாயில் நீட்டிக் கிடத்தினார்கள். ராணி தலைமாட்டில் இருந்து தொடங்கினார்.

கரடிமயிரும் சுருட்டு மணமும் எங்கே போயினவோ தெரியாது. அந்த மனிசனுடைய தொண்டைக்குள் இருந்து ஒரு பெண் அழுதாள். கண் மூடியிருந்த எனக்கு அது அம்மாவோ, அடுத்த வீட்டு மாமியோ என்றெல்லாம் தோன்றியது.

வாசல்ல வச்ச செருப்பு வழிபாத்து நிக்குதையா
வந்து கொழுவ ஆளில்லாம வாய்திறந்து கிடக்குதையா

என்று பாடினார். ராசகுமாரனுக்கு எங்கே வாசலில் இறப்பர் செருப்பு? பெரியப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு கொடியில் காய்கிற சேட்டு வந்தது. வேலியில் சாத்தின சைக்கிளும் வந்தது. அந்த நாட்டு இளவரசர்கள் எல்லாரும் சைக்கிளில்தான் திரிந்தார்கள்போலும். சபையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. முதலில் ஒரு மூக்கு உறிஞ்சுகிற சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. எங்கள் ஊரில் அப்போது வெறும் செருப்புக் கிடந்த வாசல் பெரியம்மாவின் வாசல் மட்டும் இல்லை.

நான் புளகாங்கிதம் அடைந்தேன். என்னுடைய சாவுக்குத்தான் ஊரே அழுகிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து யார் யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று பார்த்துவைக்க ஆசையாக இருந்தது. அழாதவர்களைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

அப்போது யாரோ களரியில் ஏறி என் பக்கத்தில் குந்துகிற அசுமாத்தம். ராணி பழக்கியதில் இது இல்லை. மீன் மணத்தை வைத்துப் பெரியப்பா என்று தெரிந்துகொண்டேன். அவருடைய விரல்கள் என் உதட்டை மெல்லத் திறந்தன. வாய்க்குள் எதையோ போட்டார். பாதி கன்னத்தில் சிந்தியது. நாக்கால் தடவிப் பார்த்தேன். அரிசி. வெறும் பச்சை அரிசி.

மத்தியானத்திலிருந்து எனக்குப் பசி. பொங்கலுக்குக் காத்திருந்தவன். நான் அதைச் சப்பினேன்.

முன்வரிசையில் இருந்த என் வயதுப் பெடியன் ஒருவன், "பிணம் சப்புது" என்றான். அவனுடைய தாய் அவன் வாயில் ஒன்று போட்டாள். ராணி குரலை உயர்த்தி என் சப்பலை மறைத்தார். நான் சப்புவதை நிறுத்தினேன். ஆனால் அசையக்கூடாது என்று நினைத்த அந்த நேரத்தில்தான் கவனித்தேன், என் வலது கால் இல்லை.

இல்லை என்றால், இருந்தது. ஆனால் எனக்குத் தெரியவில்லை. பெருவிரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்ததா இல்லையா என்று விளங்கவில்லை. சாவு காலிலிருந்துதான் ஏறும் என்று ராணி சொன்னது ஞாபகம் வந்தது. போன ஊரில் எழும்பாமல் போன பெடியன் ஞாபகம் வந்தான். வாயில் அரிசி போடுவது யாருக்கு என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு கிழவர் செத்தபோது வரிசையில் நின்று நானும் போட்டிருக்கிறேன். இவர்கள் விளையாட்டாகத் தொடங்கி, உண்மையாகவே என்னை முடித்துவிட்டார்கள்! முழங்கால் வரைக்கும் போய்விட்டது, இனி இடுப்பு, பிறகு நெஞ்சு என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி, ஊரில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கும் தெரியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் இரவில் கால் விறைத்தால் எழும்பி இருந்து விரலை எண்ணிப் பார்க்கிற ஆள் நான். மனிசி சிரிக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மா வந்தார்.

சனத்துக்குள்ளிருந்து எழும்பி நேரே வந்திருக்கிறார். ராணி பாட்டை நிறுத்தவில்லை, தணித்துக்கொண்டார். பெரியம்மா என் பக்கத்தில் இருந்து சேட்டைத் தொட்டார். கொலரைத் தொட்டார். பிறகு குனிந்து என் காதடியில் கூப்பிட்டார். என் பெயரை அல்ல. அண்ணனின் வீட்டுப் பெயரை.

கூப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. தொண்டையின் அடியில் இருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கன்று போடப்போகிற மாடு போடுகிற சத்தம் மாதிரி. அது இன்னும் அழுகையாகவில்லை. அழுகைக்கு ஒரு முழத்துக்கு முந்திய சத்தம். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தது. கல் கரையத் தொடங்கியிருந்தது.

நான் எழும்பி ஓடினேன்.

ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்லுகிறேன். ஒரு கால் வேலை செய்யவில்லை. எழும்பின வேகத்தில் மத்தளத்தின் மேல் விழுந்தேன். அன்றைக்கு அந்த மத்தளம் போட்ட சத்தங்களில் அதுதான் தாளத்தோடு இருந்தது என்று, மத்தளக்காரரைப் பிடிக்காதவர்கள் பிறகு சொன்னார்கள். திரும்ப எழும்பி, நீலச் சேட்டு காலைத் தட்ட, "நான் சாகேல்ல, நான் சாகேல்ல" என்று கத்திக்கொண்டு, சனத்தைக் கிழித்து, காயப்போட்டிருந்த கருவாட்டுக்கு மேலால் நொண்டி நொண்டிக் கடற்கரைக்கு ஓடினேன்.

பிறகு ஊர் சிரித்தது. கண்ணீர் காயாத முகங்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் உரத்த சிரிப்பு பெரியம்மாவுடையது. சைக்கிள் மட்டும் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் சிரித்ததை ஒருவரும் கண்டதில்லை. களரி நடுவில் நின்று கையைத் தட்டினாராம்.

"பாத்தியளே? கிடக்க மாட்டான். என்ர பிள்ளை கிடக்க மாட்டான்."

ராணி எழும்பிச் சேலையைச் சொருகிக்கொண்டு சுருட்டைத் தேடினார் என்று கேள்வி.

பெரியம்மா மனம் குழம்பிப் போகவில்லை. அது நான்தான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அம்மன் வாசலில், அந்தச் சேட்டுக்குள் கிடந்தது எழும்பிவிட்டது. அதற்கு மேல் ஒரு சகுனம் அவருக்குத் தேவைப்படவில்லை. அன்றைக்கே என்னிடமிருந்து சேட்டைக் கழற்றி வாங்கி முகர்ந்து பார்த்தார். பயத்தில் வேர்த்த வேர்வையில் அது நனைந்திருந்தது. அதை அவர் அதற்குப் பிறகு தோய்க்கவே இல்லை. அலுமாரியில் தனியாக வைத்தார். அரிசிமாவும் சர்க்கரையும் குழைத்து எனக்கு அரியதரம் சுட்டுத் தந்தார். அழவைக்க என்று ஊர் திரண்டு ஏலாமல் போன இடத்தில், ஒரு பிள்ளை தனியாளாகச் சிரிக்கவைத்துவிட்டேனே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அரியதரத்தை உரிமையோடு வாங்கித் தின்றேன்.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. டவுனில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் கூடியிருக்கிற நாட்களில், நான்தான் ஓட்டோவில் கூட்டிப்போய் இறக்கிவிடுகிறேன். ஒரு கையில் அண்ணனின் படம். மற்றக் கையில் ஒரு பையில் அந்தச் சேட்டு. கேள்வி கேட்டு எழுத வருகிற பிள்ளைகளிடம், கோயிலடியில் எழும்பின கதையைச் சொல்லுகிறார். அவர்கள் அதை எழுதிக்கொள்வதில்லை. சொல்லிவிட்டு என்னைச் சாட்சிக்குப் பார்ப்பார். நான் ஓம் என்று தலையாட்டுவேன்.

பெரியப்பா செத்துச் சில வருசமாகிறது. அவரை எரித்துவிட்டு வந்து குளித்த பிறகுதான் அப்பா எனக்கு அதைச் சொன்னார்.

கூத்துக்காரர் வருவதற்கு முன்னால் ஒரு விடியற்காலை, குடாவுக்குள் வலை இழுக்கப்போன இடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் அண்ணனைக் கண்டிருக்கிறார்கள். முகத்தை வைத்து அடையாளம் பிடிக்க ஏலாது. அண்ணனுக்கு இடது காலில் ஒரு விரலுக்கு மேல் மற்ற விரல் ஏறியிருக்கும். பெரியப்பா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள் இருந்துவிட்டாராம். கரைக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால், கொண்டுவந்தவர்களையும் விசாரிக்கக் கூப்பிடுவார்கள். விசாரிக்கப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது கண்முன்னாலேயே கிடந்தது. எதிர்க்கரையில் ஆளில்லாத ஒரு மணல் திட்டில், துடுப்பால் குழி கிண்டி வைத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்குத் திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாராம், வள்ளத்தில் ஒரு பிடி அரிசி இல்லாமல் போய்விட்டதே என்று.

வீட்டுக்கு வந்து சொல்ல வாயெடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை. பெரியம்மா கிணற்றடியில் சேட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வாளியை வாங்கித் தண்ணீர் அள்ளிக்கொடுத்தார். அதற்குப் பிறகு, தன்னால் சொல்ல முடியாததை வேசம் கட்டினவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவர்களும் வந்தார்கள். முக்கால்வாசி சொல்லியும் விட்டார்கள்.

மிச்சத்தைப் பெரியப்பா சாகும்வரை சொல்லவில்லை. சிரித்தவளிடம் எப்படிச் சொல்லுவது? நானும் சொல்லவில்லை. ஓட்டோவைத்தான் ஓட்டுகிறேன்.

கூத்தன்று பின்னேரம், கடற்கரையில் கவிழ்த்துவைத்த வள்ளத்தின் மறைவில் ஒளித்திருந்த என்னைக் கண்டுபிடித்தவர் பெரியப்பாதான். களரியில் ராசா தென்னை மட்டையால் மந்திரியைப் பழிவாங்குகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அடிக்கப்போகிறார் என்று முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் மணலில் இருந்தார். வலது கையைப் பொத்திப் பிடித்தபடியே வைத்திருந்தார். என் காலை இழுத்து மடியில் போட்டு, இடது கையால் நீவிவிட்டார். கால் திரும்பி வந்தது, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு.

"இன்னுங் கொஞ்ச நேரம் கிடந்திருக்கலாமேடா தம்பி" என்றார்.

நடிப்பில்தான் குறை சொல்லுகிறார் என்று நினைத்தேன். அவர் அவ்வளவு தூரம் வந்து அவ்வளவு மெதுவாகச் சொன்னதில் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. பெரிய மனிசத்தனமாகச் சொன்னேன்:

"அடுத்தமுறை வடிவாக் கிடக்கிறன் பெரியப்பா."

அவர் பதறிப்போய்ப் பொத்திவைத்திருந்த கையை விரித்து என் வாயை அடைத்தார். உள்ளங்கை வேர்வையில் கொஞ்ச அரிசி ஒட்டியிருந்தது. எனக்குப் பசி. அதையும் தின்றேன்.